எவ்வளவு இழந்தால் தாங்கும்?

(நெட்டுக்குப்பத்தில் இளைஞர்களும் மீன் வியாபாரம் செய்யும் பெண்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்தக் குப்பத்திலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் திருவொற்றியூர். 1946இல் அங்கே ஒரு கொட்டகைக்குள் இளைஞர் ஒருவர் விளையாட்டுப் பலூன் செய்துகொண்டிருந்தார். வயது இருபத்து மூன்று. இயந்திரம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. மனைவி குஞ்ஞம்மாவும் கூடவே நின்று வேலை பார்த்தார். செய்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் அவரே சுமந்து போய் விற்றார். அவர் பெயர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப்., அந்தக் கொட்டகையில் பிறந்த கம்பெனிதான். 2023 ஜூன் மாதம் அதன் ஒரு பங்கு பங்குச்சந்தையில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அது.

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞன் வீட்டுக்குப் போய் அம்மாவின் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிப்பான். அங்கேதான் ஆபத்து. மாம்மன் மாப்பிள்ளையின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். அவருடைய அப்பா கே.சி. மாம்மன் மாப்பிள்ளை கேரளத்தில் பெரும்புள்ளி. மலையாள மனோரமா நாளிதழின் ஆசிரியர். திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியை நடத்தியவர்களில் ஒருவர். திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசோடு மோதல் முற்றி, 1938இல் வங்கி மூடப்பட்டது. பத்திரிகைக்கும் பூட்டு விழுந்தது. அப்பா சிறைக்குப் போனார். அப்போது மகனுக்கு வயது பதினைந்து. ஒரு பெரிய குடும்பத்தின் சொத்து கண்ணெதிரே கரைந்ததைப் பார்த்த பையன்தான் பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்துவிட்டு பலூன் செய்ய உட்கார்ந்தார்.

எதற்காகப் பலூன்? போனால் பலூனோடு போகும். கொட்டகை வாடகையும் கொஞ்சம் ரப்பர் பாலும்தான் நஷ்டம். 1949இல் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகம் திறந்தார். பலூனோடு ரப்பர் பொம்மையும் கையுறையும் சேர்ந்துகொண்டன. உறவினர் ஒருவர் நடத்திய டயர் ரீட்ரெடிங் பட்டறைக்கு வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து ட்ரெட் ரப்பர் வாங்க வேண்டியிருந்ததை அவர் கவனித்து வைத்திருந்தார். தேய்ந்த டயரின் மேல் ஒட்டுகிற ரப்பர் அது. அதை ஏன் இங்கேயே செய்யக்கூடாது என்று 1952இல் இறங்கினார். 1956 வாக்கில் நாட்டின் ட்ரெட் ரப்பர் வியாபாரத்தில் பாதி அவர் கையில் இருந்தது. அதன் பிறகுதான் டயர். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, 1961இல் பொதுமக்களிடம் பங்கு விற்று, அதே திருவொற்றியூரில் டயர் தொழிற்சாலைக்கு அடிபோட்டார். வந்த தொழில்நுட்பம் நம் சாலைக்கும் நம் லாரி ஏற்றும் பாரத்துக்கும் எளிதில் ஒத்துவரவில்லை. அதைச் சரிப்படுத்தத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது. 1967இல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி ஆனது.

பலூனிலிருந்து டயருக்குப் பதினைந்து ஆண்டுகள். ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கு வேண்டிய பணத்தையும் பழக்கத்தையும் முந்தைய படி சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. எந்தப் படியில் சறுக்கியிருந்தாலும் முந்தைய படியில் காலூன்றி நின்றிருக்கலாம். துணிச்சல் அவரிடம் நிச்சயம் இருந்தது. அந்தத் துணிச்சலுக்கு ஓர் அளவும் இருந்தது என்பதுதான் பலர் சொல்லாமல் விடுகிற பகுதி.

இதையே ஆராய்ச்சியாகச் செய்தவர் சரஸ் சரஸ்வதி. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனிடம் அமெரிக்காவில் ஆய்வு செய்தவர், இந்தியாவிலிருந்து போனவர். கம்பெனிகளை உருவாக்கி வளர்த்த 27 பேரை உட்காரவைத்து, ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, இதை எப்படித் தொடங்குவீர்கள், மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். எவ்வளவு லாபம் வரும் என்ற கணக்கிலிருந்து அவர்கள் தொடங்குவார்கள் என்றுதான் மேலாண்மைப் பாடநூல் படித்தவர்கள் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலோர் வேறு மாதிரி யோசித்தார்கள். கையில் என்ன இருக்கிறது, தெரிந்தவர்கள் யார் யார், முழுசாகப் போனாலும் எவ்வளவு வரை தாங்கும் என்று பார்த்தார்கள். 2001இல் இந்த முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் தொழில் முனைவு வகுப்புகளில் அது பாடம்.

காசிமேட்டு ஏலத்துக்குப் போய்வரும் பெண்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் அங்கே நிற்கிற ஒரு பெண்ணைப் பாருங்கள். கூடை முன்னால் வந்ததும் செவுளை விரலால் தூக்கிப் பார்க்கிறார். ரத்தச் சிவப்பா, பழுப்பேறிவிட்டதா? சதையை அழுத்துகிறார், பள்ளம் எழும்புகிறதா, அப்படியே நிற்கிறதா? இதற்குள் ஏலக்காரர் விலையை ஏற்றிவிடுகிறார். கேட்பதா விடுவதா என்று முடிவெடுக்கக் கிடைப்பது சில நொடிதான். இன்று அவர் தெருவில் எத்தனை வீட்டில் மீன் எடுப்பார்கள், யார் வீட்டில் விரதம், எந்தத் தெருவில் இன்னொருத்தி முந்திக்கொண்டு போய்விட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. இருந்தும் கேட்கிறார். ஆனால் கூடை முழுக்க வஞ்சிரம் வாங்கமாட்டார். நாலு வஞ்சிரம், கொஞ்சம் சங்கரா, அடியில் நெத்திலி. உச்சி வெயிலில் ஐஸ் கரைந்து விலை பாதிக்கு வந்தாலும், மீந்த நெத்திலிக்கு உப்புப் போட்டு வெயிலில் பரப்பிவிடலாம். கருவாடாகிவிடும். அரைகுறைத் தகவலோடு முடிவெடுப்பது, முடிவு தப்பினாலும் மறுநாள் விடியுமுன் மறுபடி போய் நிற்பது, நஷ்டத்துக்கு முன்கூட்டியே வரம்பு கட்டிவைப்பது. தொழில் முனைவுக்கு மனம் தயாரா என்று பார்க்கிறவர்கள் தேடுகிற குணங்களெல்லாம் இந்தக் கூடைக்குள்ளேயே இருக்கின்றன.

அப்படியானால் இந்தக் கரையில் ஏன் நூறு கம்பெனிகள் முளைக்கவில்லை? நியாயமான கேள்வி. இதற்குக் குணத்தில் பதில் தேடுவது அநியாயம். பதில் தண்டல் நோட்டில் இருக்கிறது. பத்தாயிரம் தண்டல் என்றால் ஒரு தொகையை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதிதான் கைக்கு வரும். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் தண்டல்காரர் சாயங்காலம் வாசலில் நிற்பார். நஷ்டத்துக்கு வரம்பு கட்டத் தெரிந்த பெண்ணின் கையைக் கட்டிவைப்பது இந்தத் தினசரித் தவணைதான். மாம்மன் மாப்பிள்ளை பலூனில் ஒரு மாதம் தோற்றிருந்தால் அடுத்த மாதம் செய்து பார்த்திருக்கலாம். இவருக்கு அந்த ஒரு மாதம் கிடைப்பதில்லை.

சரி, மனம் பிறப்பிலேயே அமைகிறதா, பழகி வருகிறதா? சில சாதிகளுக்கு வியாபாரம் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். மற்றவர்களை ஒதுக்கிவைக்க இதைவிட வசதியான பேச்சு கிடையாது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் இதைச் சோதித்துப் பார்க்க இந்தியாவுக்கே வந்தார். 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடா ஊர் வியாபாரிகள் 52 பேரை ஹைதராபாதில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துப் பத்து நாள் போலப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு விளையாட்டு. தரையில் ஒரு முளை, கையில் வளையங்கள். எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று எறியலாம். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று போடுவார்கள்; தவறவே தவறாது, பெருமையும் கிடையாது. சிலர் கடைசிச் சுவரோரம் போய் நிற்பார்கள். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். சாதிக்கும் வேட்கை உள்ளவர்கள் நடுவில் எங்கோ நிற்பார்கள். கொஞ்சம் முயன்றால் விழும், அசந்தால் தவறும் என்கிற தூரம். இரண்டு எறி தவறினால் அரை அடி முன்னால் வருவார்கள். மூன்று விழுந்தால் பின்னால் போவார்கள்.

பெரிய ஆளாக வேண்டும் என்று மார்தட்டுகிறவர்கள் பெரும்பாலும் சுவரோரம் நிற்பவர்கள். நம் சினிமாவும் மேடைப் பேச்சும் அந்தச் சுவரோரத்தையே வீரம் என்று காட்டிவிட்டன. காக்கிநாடாவில் பயிற்சி பெற்றவர்களில் பலர், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புதுத் தொழில், புதுச் சரக்கு, கூடுதல் ஆள் என்று சுறுசுறுப்பாக இறங்கினார்கள். பயிற்சி பெறாதவர்களிடம் அந்த வேகம் இல்லை. மனதின் பழக்கத்தை மாற்றலாம் என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சம்பளம் என்பது மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் வந்து விழுகிற தொகை மட்டுமல்ல; அது தூக்கம். சொந்தத் தொழில் என்றால் அந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். வேலைக்காரர் நால்வருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். வாங்கியவன் அடுத்த வாரம் தருகிறேன் என்பான். கடன் வைத்தவன் சித்தப்பா மகனாக இருப்பான்; கல்யாண வீட்டில் அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அவனிடம் போய்ப் பணம் கேட்க வேண்டும். கேட்க நா எழாதவர்கள் உண்டு. நல்ல மனிதர்கள்தான், ஆனால் கடை வைத்தால் கடை அவர்களைத் தின்றுவிடும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்கிற வாடிக்கையாளரை அன்றே மறந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட முடியாதவர்களும் அப்படியே. ஒரே சரக்கை, ஒரே கணக்கை, ஒரே புகாரை ஆண்டுக் கணக்கில் பார்த்துச் சலிக்காமல் இருக்கவும் ஒரு மனம் வேண்டும். புதிதாகத் தொடங்குவதில் மட்டும் ருசி கண்டவர்கள் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

மனநோய் பற்றிப் பேச நாம் இன்னும் கூசுகிறோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃப்ரீமன் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 242 தொழில் முனைவோரில் 49 விழுக்காட்டினர் வாழ்வில் எப்போதாவது மனநலச் சிக்கல் கண்டவர்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களில் அது 32 விழுக்காடு. காபி டே கடைகளை நாடெங்கும் கொண்டுபோன வி.ஜி. சித்தார்த்தா 2019 ஜூலையில் நேத்ராவதி ஆற்றில் மாண்டபோது, வெளியிலிருந்து பார்த்தால் பெரும் வெற்றிதான் தெரிந்தது. உள்ளே கடன் அழுத்திக்கொண்டிருந்தது. தொழில் செய்கிறவர் வீட்டில் நஷ்டத்தை மறைப்பார், வெளியில் கடனை மறைப்பார். இரண்டு பக்கமும் மறைத்தால் உள்ளே புழுங்கி வெந்துபோவார். உண்மைக் கணக்கை மாதம் ஒருமுறையாவது முழுசாகக் காட்டக்கூடிய ஒருவர், மனைவியோ கணவனோ நண்பனோ, கட்டாயம் வேண்டும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச மனநல உதவி தமிழிலேயே கிடைக்கிறது. அந்த எண்ணைக் கடைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. தோற்றவரெல்லாம் மனம் சரியில்லாதவர் அல்ல. வ.உ. சிதம்பரம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு ஆண்டே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்து சேர்ந்தன. எதிரில் நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து நெருக்கியது. 1908 மார்ச்சில் கைது. இரட்டை ஆயுள் தண்டனை. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைந்தது. தண்டனை குறைக்கப்பட்டு 1912 இறுதியில் வெளியே வந்தவர் சென்னைக்கு வந்து கடை வைத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. பங்கு திரட்டத் தெரியாதவரா? மக்களைச் சேர்க்கத் தெரியாதவரா? தொழிலை வீழ்த்தியது அரசாங்கத்தின் கை. பாடுபட்டவன் ஜெயிப்பான் என்ற பேச்சை வ.உ.சி.யின் வாழ்க்கைக்கு முன்னால் வைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

நெட்டுக்குப்பத்துக்கும் இது பொருந்தும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுப்பாயின. மீன் நல்லதாக இருந்தாலும் வாங்க ஆளில்லை. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து ஊரே எழுந்து ஓடியது. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தைத் தூர்த்த கதை அதற்கெல்லாம் முந்தையது. பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921இலேயே இரண்டு வகை ஆபத்தைப் பிரித்துக் காட்டினார். கணக்குப் போட்டு எதிர்பார்க்கக்கூடியது ஒன்று. எந்தக் கணக்கிலும் அடங்காதது இன்னொன்று. புயல் காலம், மீன்பிடித் தடைக் காலம், பாடு குறைகிற மாதம் எல்லாம் முதல் வகை. கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக அதற்குத் தகுந்தபடி வாழ்கிறார்கள். இரவோடு இரவாக வந்து வலையில் அப்பிக்கொள்கிற எண்ணெய் இரண்டாவது வகை. அடுத்தவர் அலட்சியத்தால் ஏற்படுகிற அந்த நஷ்டத்தைத் தலையில் சுமக்கிறவர்களிடம் போய் இன்னும் துணிச்சல் வேண்டும் என்று பேசுவது கொடுமை. அவர்களுக்கு இழப்பீடு சரியாக, உரிய நேரத்தில் வந்து சேர்வதும் தொழில் முனைவுக்கான ஊக்கம்தான். எந்தப் பயிற்சி முகாமையும் விட அதற்குப் பலன் அதிகம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போவதைக் குறைவாக நினைக்கிற பேச்சு இப்போது பெருகிவிட்டது. அசோக் லேலண்டிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் சாதித்ததில் எந்தக் குறையும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே சிறிதாகத் தொடங்கி, கால் ஊன்றிய பிறகு வேலையை விட்டவர்களின் தொழில்கள், வேலையை ஒரேயடியாக உதறிவிட்டு இறங்கியவர்களின் தொழில்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே மூழ்கின என்று 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. வயதும் தடையல்ல. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதுக் கம்பெனிகளைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. கோவை அருகே அப்பநாயக்கன்பட்டிப் புதூரில் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்த வேலுமணி, மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் விஞ்ஞானியாக இருந்துவிட்டு, 1996இல் தைரோகேர் பரிசோதனைக் கூடத்தைத் தொடங்கும்போது வயது 37. தைராய்டு பற்றி ஆய்வு செய்து பெற்ற அறிவுதான் அவருடைய பெரிய முதலீடு. மனைவி சுமதியும் பாரத ஸ்டேட் வங்கி வேலையை விட்டு அவரோடு சேர்ந்தார். வேலையில் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை. அங்கே கற்றதுதான் கடைச் சரக்கானது.

எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் லோமே நகரில் சிறு வியாபாரிகள் 1,500 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை, நிர்வாகம் என்ற வழக்கமான பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு மனப்பயிற்சி: யாரும் சொல்வதற்கு முன் தானாக முனைவது, அடுத்தவர் செய்யாததைத் தேடுவது, வரப்போகிற சிக்கலுக்கு இப்போதே வழி வைப்பது, தடை வந்தால் விடாமல் நிற்பது. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் கண்காணித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மனப்பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களிடம் கண்ட உயர்வு 11 விழுக்காடு. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவு.

அந்தப் பயிற்சி இங்கே எப்படி இருக்கும்? கருவாட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் வரத்து குறையும். கருவாட்டுக்குக் கிராக்கி வரும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பெரும்பாலோர் மீந்ததைத்தான் காயவைக்கிறார்கள். மார்ச்சிலேயே நெத்திலி மலிவாக வரும் நாள் பார்த்து, வீட்டுச் செலவுக்குக் கைவைக்காமல் ஒரு தொகையை மட்டும் ஒதுக்கி, மணலில் பரப்பாமல் வலை கட்டிய பரணில் சுத்தமாகக் காயவைத்து, எடை போட்டுப் பொட்டலமாக்கி, இரண்டு கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் என்ன ஆகும் என்று ஒரு பருவம் செய்து பார்க்கலாம். மழை பெய்து நனைந்தால் அந்தத் தொகை மட்டும் போகும். நாலைந்து பெண்கள் சேர்ந்து போட்டால் ஒருவர் தலையில் விழாது. மகளிர் குழுக் கடனோடு இந்த மாதிரிப் பயிற்சியும் சேர்ந்து வர வேண்டும்; கடன் தொகை கைக்கு வந்த அன்றே, இதில் வியாபாரத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, போனால் போகட்டும் என்று விடக்கூடியது இவ்வளவு என்று மூன்று பக்கமாகப் பிரித்து எழுதுகிற நோட்டு ஒன்றும் கூடவே தரப்பட வேண்டும்.